கழுவெளியைக் காப்பவர் யார்?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

பூங்காக்களை நகரத்தின் நுரையீரல் என்று கூறுவது வழக்கம். நகரத்திற்குச் சிறுநீரகமும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கழிவை வடிகட்டி, மிகுந்த நீரை வெளியேற்றி, உடலின் நீர்ச்சமநிலையைக் காக்கும் உறுப்பு சிறுநீரகம் எனில், தென் சென்னைக்கு அவ்வுறுப்பாக அமைந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே ஆகும். இச்சதுப்பு நிலம் எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு சுருங்கியது, அதைக் காப்பதில் பொதுமக்களின் பங்கு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

சதுப்பு நிலத்தின் பணி

சதுப்பு நிலம் ஏரியும் அன்று, வயலும் அன்று. ஏரிக்குக் கரையும் மதகும் உண்டு. சதுப்பு நிலத்திற்கு அவை இல்லை. மழைக்காலத்தில் பரந்தும் கோடையில் ஒடுங்கியும் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. பள்ளிக்கரணையைச் சுற்றி ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பி வழிந்து இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. உள்ளே வரும் வழிகள் பல; வெளியேறும் வழி முதன்மையாக ஒன்றே. எனவே, வந்த நீர் வடியும் வரை காத்திருக்க இடம் வேண்டும். அந்தக் காத்திருப்பு இடமே சதுப்பு நிலம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 833 லாரிகள் நிறையும். ஒரு ஹெக்டேர் சதுப்பை ஒரு மீட்டர் உயரத்திற்கு மண் கொட்டி நிரப்பினால், அந்த 833 லாரித் தண்ணீரும் மறைந்துவிடாது. அது வேறிடம் தேடிப் போகும். பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய வீடாகவே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதி மக்கள் இக்கணக்கைத் தத்தம் வீட்டுச் சுவரிலேயே கண்டனர். எங்கள் வீட்டுச் சுவரில் 2015-ஆம் ஆண்டின் கோடு என் தோளுக்கு மேல் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

உயிரினங்களின் நோக்கிலும் ஆழமின்மையே இந்நிலத்தின் சிறப்பு. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்திச் சிற்றுயிர்களை வடித்து உண்பது. நெடிய கால்கள் எட்டும் ஆழம் அதற்கு வேண்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகள்மேல் நடந்து, அங்கேயே கூடு கட்டும். நீலத் தாழைக்கோழி சம்புப் புதருக்குள் மறைந்து அதன் குருத்தைத் தின்று வாழும். நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன.

'புறம்போக்கு' என்ற சொல்

என் தாய்வழிப் பாட்டி சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கோரை அறுத்துப் பிழைத்தவர். நான் ஒருமுறை அதனை 'ஏரி' என்று சொன்னபோது, "அது ஏரி இல்லடி, கழுவெளி" என்று திருத்தினார். வெள்ளம் பரவி நிற்கும் தாழ்ந்த வெளியைக் குறிக்கும் பழைய சொல் அது. கோரை பாய்க்கும் கூரைக்கும் ஆயிற்று. விராலும் கெளுத்தியும் குழம்புக்கு ஆயின. கோடையில் மாடுகள் மேய்ந்தன. எவருக்கும் பட்டா இல்லை. ஆயினும் எல்லாருக்கும் அங்கு வேலை இருந்தது. வேலை இருந்தமையால் கண்காணிப்பும் இருந்தது. வரத்துக் கால்வாய் அடைபட்டால் மாடு மேய்ப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் முதலில் தெரியும்.

இத்தகைய நிலங்கள் வருவாய்க் கணக்கில் 'புறம்போக்கு' எனப்பட்டன. தீர்வைக்குப் புறம்பாக, பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். இன்று சென்னைத் தெருக்களில் அது ஒரு வசைச் சொல். ஒரு சொல் இவ்வாறு இழிந்ததற்குள் ஒரு நிலத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது எனலாம். வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்று கருதப்பட்டது. பயனற்றது என்றானபின் அங்கு எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம் என்றாயிற்று.

சுருங்கிய வரலாறு

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இச்சதுப்பில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எஞ்சியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெருங்குடியில் மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாகச் சதுப்பின் மீதே கொட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் அக்குப்பை மேடு பற்றி எரிந்து, சுற்றுப்புறம் நாள் கணக்கில் புகையில் மூழ்கியது. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை சதுப்பை ஊடறுத்துச் செல்கிறது. அரசு நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சுற்றிலும் எழுந்தன.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். என் தந்தை கொத்தனார். அவ்வடுக்குமாடிகளில் சிலவற்றின் சுவர்கள் அவர் கையால் எழுந்தவை. நான் கல்லூரிக்குக் கட்டும் கட்டணம் அந்தக் கூலியிலிருந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவள் நான். இக்கட்டுரைக்காக அவரிடம் கேட்டபோது, "வீட்டைக் கட்டச் சொன்னாங்க, கட்டினோம். தண்ணி எங்க போவும்னு எங்களை யாரும் கேக்கலையேம்மா" என்றார். எனவே, 'சதுப்பை அழித்தவர்கள்' என்று எளிதாக ஒரு விரல் நீட்டிவிட என்னால் இயலவில்லை. எங்கே கட்டுவது என்பதை முடிவு செய்தவர்கள் ஒருபுறம். கூலிக்குக் கட்டியவர்கள் மறுபுறம். கடன் வாங்கிக் குடியேறியவர்கள் இன்னொரு புறம். வெள்ளம் வந்தபோது கடைசி இரு தரப்பாரும் ஒரே தண்ணீரில்தான் நின்றனர்.

மக்கள் எழுந்தது

2000-ஆம் ஆண்டிற்குப் பின்வந்த காலத்தில், குப்பை எரியும் புகையால் அவதியுற்ற சுற்றுப்புறக் குடியிருப்போர் ஒன்றுகூடினர். மனு கொடுத்தனர், நீதிமன்றத்தை நாடினர். அதே காலத்தில் 'கேர் எர்த்' அறக்கட்டளையைச் சேர்ந்த முனைவர் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றோர் இந்நிலத்தின் நீரோட்டத்தையும் உயிரினங்களையும் முறையாக ஆய்ந்து பதிவு செய்தனர். மக்களின் குரலோடு ஆய்வின் சான்றும் சேர்ந்தது. அதன் பயனாக, 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாகப் பன்னாட்டுத் தகுதி பெற்றது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின்படி வழங்கப்படும் தகுதி இது. பயனற்ற நிலம் எனப்பட்டது, உலகம் மதிக்கும் நிலமாயிற்று.

அறிவிப்பு காவலைத் தொடங்கி வைக்கிறது, நடத்திச் செல்வதில்லை. கோட்டுக்குள் மண் கொட்டாமல் வனத்துறை பார்த்துக் கொள்ளலாம். ஆனால் நீரைக் கொண்டுவரும் கால்வாய்களும் ஏரிகளும் கோட்டுக்கு வெளியே, நம் தெருக்களின் ஊடே கிடக்கின்றன. அங்கு மக்களே காவலர்.

பிற இடங்கள் தரும் பாடம்

வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தவர்கள் முதலில் ஊர் மக்களே. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளையர் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட, செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்புக்கான உரிமை ஆணை வழங்கினார். சட்டம் பின்னால் வந்தது. மக்களின் காவல் முன்னாலேயே இருந்தது.

கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் மற்றொரு சான்று. அங்கு மாநகரின் கழிவுநீர் ஆழமற்ற குளங்களில் தேக்கப்படுகிறது. வெயிலும் பாசியும் அதனைத் தூய்மை செய்ய, அதில் மீன் வளர்கிறது. அருகே காய்கறி விளைகிறது. மீனவரும் உழவரும் தம் அனுபவத்தால் வளர்த்த இம்முறையின் அருமையைப் பொறியாளர் துருபஜோதி கோஷ் உலகுக்கு எடுத்துரைத்தார். 12,500 ஹெக்டேர் கொண்ட அந்நிலம் 2002-இல் ராம்சார் தகுதி பெற்றது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: நிலத்தால் பயன் பெறுவோர் நிலத்தைக் காக்கின்றனர். பள்ளிக்கரணையில் 'மக்கள் பங்கேற்பு' என்று பேசும்போது, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களின் தொண்டு பெரிது. ஆனால் மீன் பிடிப்பவர், மாடு வைத்திருப்பவர், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரும் அம்மக்களே. அவர்களைக் கூட்டத்தில் அமர்த்தாமல், வேலிக்கு வெளியே நிறுத்தி நாம் காக்கும் சதுப்பு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு காக்கும் சதுப்பே ஆகும்.

செய்யத் தகாதனவும் தக்கனவும்

நல்லெண்ணத்தால் விளையும் தீங்குகளும் உண்டு. சதுப்பைக் காப்பது என்றவுடன் மரக்கன்று நடச் செல்கிறோம். சதுப்பு காடு அன்று. வெட்டவெளியாக இருப்பதே அதன் இயல்பு. ஆழமாகத் தோண்டித் தூர் வாரினால் நல்லது என்கிறோம். ஆழமானால் பூநாரைக்கு நிற்க இடமில்லை. கரை நெடுகக் கான்கிரீட் சுவர் எழுப்பி நடைபாதை போட்டால் அழகாக இருக்கும் என்கிறோம். நீர் பரவவும் ஒடுங்கவும் தேவையான சரிவு அதனால் அழிகிறது. ஆகையால், முதலில் அறிந்து பின்னர் செயற்படுதல் வேண்டும்.

நம் கல்லூரி மாணவர்கள் பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்கவை நான்கு உள.

ஒன்று: நீர்மட்டம் குறித்தல். வரத்துக் கால்வாய் ஒன்றில், ஒரே இடத்தில், ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை அளந்து எழுதுதல். அதே இடத்தில் மாதம் ஒரு புகைப்படம் எடுத்துத் தேதியிட்டு வைத்தல்.

இரண்டு: பறவைக் கணக்கு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் நம் துறை பங்குகொள்ளலாம்.

மூன்று: நில ஆவணம். கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் புல எண்ணும் படிக்கக் கற்றல். ஒரு வாய்க்கால் தாளில் எங்கே ஓடுகிறது, தரையில் எங்கே நிற்கிறது என்று ஒப்பிடல். வேறுபாடு தென்பட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேள்வி எழுப்பலாம். மாநகராட்சியின் பகுதி சபையிலும் எடுத்துக் கூறலாம்.

நான்கு: முதியோர் சொல்வதை எழுதி வைத்தல். எந்த ஆண்டு எதுவரை நீர் நின்றது, எந்த மீன் எப்போது மறைந்தது என்பன எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கோரை அறுத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இவற்றுள் எதுவும் ஒரு நாள் விழாவாக முடிவதன்று. பிப்ரவரி 2-ஆம் நாள் உலக ஈரநில நாளன்று பதாகை பிடித்து ஊர்வலம் போவது எளிது. ஆடி மாத வெயிலில் வறண்ட வாய்க்காலைப் போய்ப் பார்த்து எழுதிவருவது அரிது. நாம் மூன்றாண்டுகளில் சென்றுவிடுவோம். எனவே பதிவேடு மாணவரிடம் இருத்தலாகாது. துறையில் இருத்தல் வேண்டும். பத்தாண்டுப் பதிவு ஒன்று நம்மிடம் இருக்குமாயின், அதனைப் புறந்தள்ளிவிட்டு எவரும் முடிவெடுத்தல் இயலாது.

முடிவுரை

பள்ளிக்கரணையைக் காப்பது பறவைகளுக்குச் செய்யும் அறம் மட்டுமன்று. தாழ்ந்த பகுதியில் வாழ்வோரின் பாயும் பாத்திரமும் பள்ளிச் சான்றிதழும் நனையாமல் காப்பதும் அதுவே. சட்டம் வேலி போடும். ஆய்வு வழி காட்டும். இரண்டையும் ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருக்க அருகில் வாழ்வோரால்தான் முடியும். 'தண்ணி எங்க போவும்' என்ற கேள்வியை என் தந்தையிடம் எவரும் கேட்கவில்லை. படிக்க வந்துள்ள நாம் அக்கேள்வியைக் கேட்கவும், விடையை எண்களோடு எடுத்து வைக்கவும் கற்றுக்கொள்வோமாக. நம் துறைப் பேராசிரியர்கள் இசைவு தந்தால், முதல் அளவுகோலை வரும் ஐப்பசியிலேயே நட்டுவிடலாம்.