மணிமேகலையைப் பிழைக்க விட்டிருக்கலாகாதா?

'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகமாகிய 'தியாகச் சிகர'த்தை மூடி வைத்தபோது எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை பெரிய கதை இப்படியா முடிய வேண்டும்? படித்து முடித்த தோழியர் பலரும் இதையே கேட்கிறார்கள்.

இக்கேள்வி புதிதன்று. அமரர் கல்கி தம் வார இதழில் 29-10-1950 முதல் 16-5-1954 வரை இக்கதையை எழுதினார். தொடங்கியபோது மயிலாப்பூரில் என் பாட்டிக்குப் பத்து வயது. முடிந்தபோது பதின்மூன்றைத் தாண்டிவிட்டது. இதழ் வந்ததும் மணியம் வரைந்த படத்தை யார் முதலில் பார்ப்பது என்று வீட்டில் சண்டையே நடக்குமாம். கதை சட்டென்று முடிந்துவிட்டதென வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதால், கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று விளக்கினார்.

சில குறைகளுக்கு வரலாறே விடை தருகிறது. குந்தவை வந்தியத்தேவனை மணந்தாளா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே குறிக்கிறது. அருள்மொழி சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அரசை விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. யார் தூண்டினார் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை. ஆகவே ஆசிரியரும் நம்மைக் கடம்பூர் மாளிகையின் இருட்டிலேயே விட்டுவிட்டார். இதற்காக அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை.

ஆனால் மணிமேகலை? சம்புவரையர் மகளான அவளை எந்தக் கல்வெட்டும் அறியாது. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. அவளை வாழவைக்க அவருக்குத் தடை ஏதும் இல்லை. வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையே தன் தலையில் போட்டுக்கொண்ட பெண், சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள்.

தமிழ் வகுப்பில் இதைச் சொன்னபோது, எங்கள் அருட்சகோதரி, "தியாகச் சிகரம் என்ற பெயரை அவளுக்கும் பொருத்திப் பார்" என்றார்கள். பார்த்தேன். பொருந்துகிறது, அதுதான் தொல்லை! அருள்மொழி கொடுத்த மகுடம் 985-இல் அவனிடமே திரும்பி வந்தது. ராஜராஜன் என்ற புகழும் வந்தது. மணிமேகலைக்கு என்ன திரும்பி வந்தது? ஆயினும், அவள் பிழைத்து வேறொருவனை மணந்து நலமாயிருந்தாள் என்று முடித்திருந்தால், இன்று அவளைப்பற்றி நான் எழுதிக்கொண்டிருப்பேனா என்பதும் ஐயமே.

பாட்டியிடம் கேட்டேன். "நாலு தடவை படிச்சிருக்கேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரே தடவைதான்" என்றார்.