புதிய இயந்திரமும் எஞ்சின் ஒயிலும்

உன்னிச்சைக் குளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுவதும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குவதும் பழகிப்போன துன்பமாகும். 1990 இலும், பின்னர் 2007 இலும் இப்பகுதியிலிருந்து மக்கள் வெளியேறினர். திரும்பி வந்தபோது மாடும் இல்லை, கலப்பையும் இல்லை. 2011 ஜனவரி வெள்ளம் மீண்டும் ஒருமுறை வயல்களை அழித்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு குடும்பம் தவணைக் காசுக்கு ஒரு லான்ட்மாஸ்டரை வாங்கி முற்றத்தில் நிறுத்துகிறதென்றால், அது வெறும் இயந்திரமல்ல. அக்குடும்பம் மீண்டும் காலூன்றி நிற்பதற்கான முயற்சியாகும்.

அந்த இயந்திரம் விதைப்புக் காலத்தில் நின்றுபோனால் என்ன நடக்கும்? மழை காத்திருக்காது. தவணை கட்டும் நாளும் காத்திருக்காது. ஆகவே எஞ்சின் ஒயிலைப் பற்றிய இப்பாடத்தைக் குடும்பத்திலுள்ள எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. ஒயில் என்ன வேலை செய்கிறது?

இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்பது ஒயிலின் முதல் வேலை. அத்துடன் அது சூட்டை எடுத்துச் செல்கிறது, கரியையும் தூசியையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. டீசல் எஞ்சினில் போட்ட புதிய ஒயில் சில மணித்தியாலங்களிலேயே கறுத்துவிடும். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று எண்ண வேண்டாம். கரியை வாங்கிக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் அளவுண்டு. அழுக்குத் தண்ணீரில் தொடர்ந்து உடுப்புத் துவைத்தால் உடுப்பு வெளுக்குமா? அதுபோலத்தான் இதுவும்.

2. எந்த ஒயிலை வாங்குவது?

முதலில் இயந்திரத்துடன் தந்த கைநூலைப் பாருங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். கைநூலில் உள்ள இரண்டு குறிகளை ஒயில் கேனிலும் தேட வேண்டும்.

முதற் குறி எஸ்.ஏ.ஈ. இலக்கம். இது ஒயிலின் தடிப்பைக் காட்டுகிறது. 40 என்று மட்டும் இருந்தால் அது ஒற்றைத் தர ஒயில். 15 டபிள்யூ 40 என்றிருந்தால், டபிள்யூவுக்கு முன்னுள்ள இலக்கம் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள இலக்கம் எஞ்சின் சூடேறியபின் அதன் தடிப்பையும் குறிக்கும். பனி உறையும் நாடுகளில் முன் இலக்கம் மிக முக்கியம். மட்டக்களப்பு வெயிலில் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பின் இலக்கத்தையே. இங்குள்ள சிறு டீசல் எஞ்சின்களுக்கு எஸ்.ஏ.ஈ. 40 அல்லது 15 டபிள்யூ 40 பெரும்பாலும் பொருந்தும். எனினும் கைநூல் வேறு சொன்னால் கைநூல் சொல்வதே சரி.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. தரம். இதில் 'எஸ்' எழுத்தில் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. 'சி' எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு. டீசல் ஒயில்களில் சி.டி., சி.எவ். என்பன பழைய தரங்கள். சி.எச்-4, சி.ஐ-4 என்பன பின்னர் வந்தவை. பழைய தரம் கேட்கும் எஞ்சினுக்குப் பொதுவாகப் புதிய தரத்தை ஊற்றலாம். புதிய தரம் கேட்கும் எஞ்சினுக்குப் பழையதை ஊற்றக் கூடாது.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஒயில் சிலவற்றை ஊற்றினால் கிளச் வழுக்கும். ஆகவே கேனில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி உண்டா என்று பாருங்கள்.

3. நாங்கள் பட்ட பாடம்

நாற்றுமேடைக்குத் தண்ணீர் இறைக்க எங்களிடம் ஒரு பம்ப் இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று போத்தலில் அளந்து விற்ற சில்லறை ஒயிலை வாங்கி ஊற்றினோம். ஒரு போகம் முடியுமுன் எஞ்சின் இறுகி நின்றது. அந்த ஒயில்தான் காரணம் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது எந்த ஒயில், என்ன தரம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அன்று முதல் மூடி முத்திரை உடையாத கேனை மட்டுமே வாங்குகிறோம். பற்றுச்சீட்டையும் எடுத்து வைக்கிறோம். வெறும் கேனை வீசும்போது அதில் வேறு ஒயிலை நிரப்பி விற்காதபடி துளையிட்டே வீசுகிறோம்.

4. எப்போது மாற்றுவது?

புதிய எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் கழன்று ஒயிலில் சேரும். ஆகவேதான் முதல் மாற்றம் விரைவில் வருகிறது. பல சிறு டீசல் எஞ்சின்களுக்கு அது 20 முதல் 50 மணித்தியாலத்துக்குள் செய்யப்பட வேண்டும். அதன் பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. அந்த முதல் நாட்களில் பெட்டியில் முழுப் பாரம் ஏற்றுவதையும், முழு வேகத்தில் உழுவதையும் தவிருங்கள்.

"ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மாத்தினாப் போதும்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப் பார்ப்போம். மாரிப் போகத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் உழுதால் 13 நாளில் 100 மணித்தியாலம் கடந்துவிடும். கூலி உழவுக்குப் போகும் இயந்திரத்துக்கு ஒரே போகத்தில் இரண்டு, மூன்று முறைகூட மாற்ற வேண்டிவரும். ஆகவே மாதத்தை அல்ல, மணித்தியாலத்தை எண்ணுங்கள். மணி காட்டும் கருவி இல்லாவிட்டால், ஒவ்வொரு மாலையும் அன்று ஓடிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறுபுறம், இயந்திரம் அதிகம் ஓடாவிட்டாலும் ஒயில் பழுதாகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

5. பணத்துக்கு என்ன செய்வது?

எஞ்சினுக்கு 3 லீற்றர் ஒயில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 மணித்தியாலத்துக்கு 3 லீற்றர் என்றால், 8 மணித்தியால உழவுக்கு ஏறக்குறைய கால் லீற்றர். ஒவ்வொரு நாளும் உழவுக் காசிலிருந்து கால் லீற்றர் ஒயிலின் விலையை எடுத்து ஓர் உண்டியலில் போடுங்கள். மாற்றும் நாளில் கடன் கேட்க வேண்டியிராது. சங்கத்தின் பொது இயந்திரமாயின் இது இன்னும் அவசியம். எல்லோருக்கும் சொந்தமான இயந்திரத்துக்கு ஒயில் ஊற்ற ஒருவரும் இல்லை என்ற நிலை வரக் கூடாது. எடுத்துச் செல்பவர் மணித்தியாலத்தை எழுதி, ஒயில் காசையும் வைத்துவிட்டே எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானியுங்கள்.

6. தினமும் காலையில்

இயந்திரத்தைச் சம தரையில் நிறுத்தி, ஓட்டுமுன் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். ஒயில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைவதும் கேடு, கூடுவதும் கேடு. கூடினால் நுரைக்கும், புகைக்கும், சீல்களால் கசியும்.

பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. டீசல் மணத்துடன் நீர்த்து, அளவும் ஏறியிருந்தால் டீசல் கலந்துள்ளது. மினுங்கும் துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. இம்மூன்றில் எதைக் கண்டாலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினையும், நீண்ட நாள் கைவிட்டுக் கிடந்த எஞ்சினையும் ஒயில் மாற்றாமல் ஒருபோதும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மாற்றும்போது எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி நிறுத்தி, பழையதை முழுவதும் வடிய விடுங்கள். வடியை டீசலில் கழுவுங்கள். மாற்றும் வகைப் பில்டராயின் புதியதைப் போடுங்கள். கோடையில் தூசி அதிகமாதலால் ஏர் கிளீனரையும் மறவாதீர்கள்.

7. பழைய ஒயிலை எங்கே ஊற்றுவது?

வாய்க்காலில் அல்ல, கிணற்றடியிலும் அல்ல. உன்னிச்சைக் குளம் வயலுக்கு மட்டுமன்றி மட்டக்களப்பு மக்களின் குடிநீருக்கும் ஆதாரமாக இருக்கிறது. வடிந்த ஒயில் மண்ணில் ஊறி நிலத்தடி நீரிலும் கலக்கும். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களும் உண்டு. ஆகவே மாட்டின் புண்ணுக்குப் பூசுவதையும், அடுப்பு மூட்டப் பாவிப்பதையும் விட்டுவிடுங்கள். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெறும் கேனில் சேர்த்து வைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு:

அ. எங்கள் கிராமத்தில் எத்தனை இயந்திரங்களுக்குக் கைநூல் இருக்கிறது? அதை வாசித்தவர் யார்?

ஆ. கடந்த போகத்தில் எத்தனை முறை ஒயில் மாற்றினோம்? எத்தனை மணித்தியாலம் உழுதோம்?

இ. பழைய ஒயிலை எல்லோரும் ஓரிடத்தில் சேர்க்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

அடுத்த மழைக்கு முன் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால், விதைப்பு நாளில் உங்கள் இயந்திரம் வயலில் நிற்கும், கராஜில் நிற்காது.