பயணமும் பாடமும் : கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு நாள்

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் கரும்பலகையும் மணியோசையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஓரிடத்தில் நிலைத்து வாழ இயலாத குடும்பங்கள் எக்காலத்தும் இருந்து வந்துள்ளன. துணி வணிகர், கப்பலில் பணிபுரிவோர், அணைக்கட்டுப் பணிகளுக்காக ஊர்விட்டு ஊர் செல்வோர் ஆகியோரின் மக்கள் எவ்வாறு கற்கின்றனர்? பள்ளிக்கூடம் மாறி மாறிச் சேர்ந்து பாதிப் பாடமும் பாதி மறதியுமாக வளர்வதே பெரும்பாலோர் நிலை. அவ்வாறு ஆகாமல், பயணத்தையே பள்ளியாக்கிக் கொண்ட ஒரு குடும்பத்துடன் நாம் ஒரு முழு நாளைக் கழித்தோம். அந்நாளில் கண்டவற்றை மாணவர்க்குப் பயன்படும் வகையில் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இராமநாதபுரக் கடற்கரையூர் ஒன்றைச் சேர்ந்த கைத்தறி வணிகக் குடும்பம் அது. ஆண்டில் ஏழெட்டுத் திங்கள் நெசவு ஊர்களிலும் சந்தைகளிலும் அலைச்சல். மகளுக்கு வயது 12, மகனுக்கு 9. முதுகலைப் பட்டம் பெற்ற தாயே ஆசிரியை. மக்களைக் கட்டணமின்றியும் கட்டாயமாகவும் கற்பிக்க வகை செய்யும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குரிய அச்சட்டம் பள்ளியை முன்னிறுத்தியே பேசுகிறது. இல்லக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக ஒன்றும் உரைக்கவில்லை. 1989இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அத்தேர்வையே இக்குடும்பம் நம்பியிருக்கிறது. "பள்ளிக்கூடம் காணாத பிள்ளைக்கு நாளை எந்தக் கல்லூரி கதவு திறக்கும்?" என்று ஊரிலுள்ள பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னும் இரண்டே ஆண்டுகளில் அவ்வினாவுக்கு மகள் விடை எழுதியாக வேண்டும்.

மதுரையில் அவர்கள் தங்கியிருந்த விடுதியறையில் காலைப் பாடம் ஏழு மணிக்குத் தொடங்கியது. முதலில் கணக்கு, பின்னர் தமிழ். மூன்றாவதாக, தங்கியிருக்கும் ஊரைப் பற்றிய ஒரு பாடம். எவ்வூரில் இருந்தாலும் இம்மூன்றாம் பாடத்தை அத்தாய் தவற விடுவதில்லை. அன்றைய பாடம் இப்னு பதூதா. 1304இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட அப்பயணி, பதினான்காம் நூற்றாண்டின் நாற்பதுகளில் மதுரைக்கு வந்தவர். அப்போது இங்கு ஆட்சி செலுத்திய சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அகன்ற தெருக்களையுடைய பெருநகர் என்று மதுரையைக் குறிப்பிட்ட அவர், இங்குக் கொள்ளைநோய் பரவியிருந்ததையும் பதிவு செய்துள்ளார்.

"அவர் இங்கே உட்கார்ந்தா உம்மா எழுதினாரு?" என்று மகன் கேட்டான். இல்லை என்றார் தாய். ஊர் திரும்பிய பின்னர் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதி 1355இல் முடித்த நூல் அது என விளக்கினார். "பத்து வருசத்துக்கு மேலே ஆச்சே, மறந்திருக்காதா?" என்றாள் மகள். வரலாற்று மாணவன் முதன்முதலாகக் கேட்க வேண்டிய வினா இதுவே என்பது நம் கருத்து. முதுகலை வகுப்பிலும் இவ்வினாவை எழுப்பாதவர் பலர். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைக் கொண்டு எழுதினார் என்று கேளாதவரை ஏடு வெறும் கதையாகவே நின்றுவிடும். தாய் அவ்வினாவுக்கு உடனே விடை கூறவில்லை. "எழுத்து மறக்கலாம், மண் மறக்குமா என்று இன்றைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், வையைக்கு அருகே அமைந்துள்ளது கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2014இல் இப்பகுதியில் ஆய்வைத் தொடங்கியது. முதலிரு கட்டங்களைத் தலைமையேற்று நடத்தியவர் அமர்நாத் இராமகிருஷ்ணன். நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழ்ந்து வருகிறது. கிடைத்த பொருள்களை வைப்பதற்காகச் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் எழுப்பப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது.

ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வினாக்களுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது அத்தாயின் விதி. எல்லாவற்றையும் காணப் புகுந்தவன் எதையும் கண்டதில்லை என்கிறார் அவர். நாமும் பல கல்விச் சுற்றுலாக்களுக்கு மாணவரை அழைத்துச் சென்றிருக்கிறோம். அரைமணி நேரத்தில் நூறு பேர் வரிசையாக நடந்து வெளியேறும் சடங்கை எண்ணிப் பார்க்கையில் இவ்விதியின் அருமை விளங்குகிறது.

மகனுக்குரிய வினாக்களுள் ஒன்று, அக்காலச் சிறுவர் எதை வைத்து விளையாடினர் என்பது. சுடுமண் வட்டச் சில்லுகளையும் பகடைக் காய்களையும் கண்டு அவன் நெடுநேரம் நின்றான். தெருவில் நொண்டி விளையாடும் சில்லு போலவே இருக்கிறதென்று சொல்லி, அளவைத் தன் பெருவிரலால் கணித்துப் படம் வரைந்து கொண்டான். அவனுக்கு ஆடத் தோழர் இல்லை. அக்கா ஒருத்தியே துணை. இக்கல்விமுறையின் பெருங்குறை இதுதான். அதை அப்பெற்றோரும் மறுக்கவில்லை.

நூல் நூற்கும் தக்களிகளும் நெசவுக்குப் பயன்பட்டவை எனக் கருதப்படும் எலும்புக் கூர்முனைகளும் வைக்கப்பட்டிருந்த பகுதியில் ஆசிரியப் பொறுப்பு தந்தையின் கைக்கு மாறியது. தக்களியின் நடுத் துளையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு முறுக்கேறி நூலாவதையும், கனம் மிகுந்தால் நூல் தடிப்பதையும் தம் கைவிரல்களால் அவர் நடித்துக் காட்டினார். "நம்ம வியாபாரத்துக்கு வயசு இவ்வளவா வாப்பா?" என்ற மகளின் வியப்பில் தொழிலின் மீது ஒரு மதிப்பும் பிறந்ததைக் கண்டோம்.

வயதை அறிவது எங்ஙனம் என்பதே அடுத்த பாடம். உயிர்ப்பொருள் அழிந்தபின் அதிலுள்ள கரிமம்-14 சிதைந்து, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. மகள் வரைபடத் தாளில் தொடக்கத்திற்கு 100, 5,730க்கு 50, 11,460க்கு 25 எனப் புள்ளியிட்டு, முதலிரண்டையும் அடிக்கோலால் நேர்க்கோடாக இணைத்தாள். அவ்வாறு பார்த்தால் 2,600 ஆண்டுப் பழமையுடைய கரியில் 77 விழுக்காடு எஞ்சும். வளைகோடாக வரையச் செய்தபோது 73 விழுக்காடு எனத் தெரிந்தது. அந்த நான்கு விழுக்காட்டு வேறுபாடு நூற்றாண்டுகளைப் புரட்டிவிடும் என்பதை அவள் தானே கணக்கிட்டு அறிந்தாள்.

2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580ஐயும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது கி.மு. 205ஐயும் காட்டின. 153 சென்டிமீட்டர் மண் சேர 375 ஆண்டுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். "எல்லா வருசமும் ஒரே அளவாவா மண்ணு சேரும்? வெள்ளம் வந்தா?" என்று அவளே தன் கணக்கை ஐயுற்றாள். இதைவிடச் சிறந்த விடையை எந்தத் தேர்வுத்தாளிலும் நாம் திருத்தியதில்லை.

தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளுக்கு முன்னர் எல்லோரும் அமைதியாயினர். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 56 ஓடுகள் கிடைத்துள்ளன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. பல எழுத்துகள் பானை சுட்டபின் கீறப்பட்டவை. கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே குயவர் ஒருவரே எழுதியிருக்க முடியாது, பானைக்கு உரியவர்களே எழுதியிருத்தல் கூடும் என்பர் ஆய்வாளர். மன்னனும் அல்லாத, புலவனும் அல்லாத ஒருவன் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு எழுத்தறிவித்தவர் யார்? திண்ணையா, தாயா, தொழில் பழக்கிய தந்தையா? ஓடு அதைச் சொல்லவில்லை.

இங்கே மாணவர் ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். காலம் கணிக்கப்பட்டது கரிக்கு, எழுத்துக்கு அன்று. கரி கிடைத்த மண்ணடுக்கைக் கொண்டே ஓட்டின் காலம் உய்த்துணரப்படுகிறது. இதனால் எழுத்தின் தொன்மை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. முதலிரு கட்டங்களைப் பற்றி 2023இல் அமர்நாத் இராமகிருஷ்ணன் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை கேட்டதும், அவர் தம் முடிபுகளில் உறுதியாக நின்றதும் நாடறிந்தவை. தமிழர் பெருமை என்று கைதட்டுவதும், இட்டுக்கட்டு என்று ஒதுக்குவதும் எளிய செயல்கள். அடுக்கையும் ஆழத்தையும் பார்த்துப் பேசுவதற்கே கல்வி வேண்டும்.

இரவு விடுதியில் குறிப்பேடுகள் நிரப்பப்பட்டன. மகன் சில்லுகள் ஏழை வரைந்து, தன் பெயரைத் தமிழி எழுத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தான். மகள் காலைப் பாடத்தின் அடியில் இரு பத்திகள் வகுத்திருந்தாள். பயணி சொன்னது ஒன்றில், மண் சொன்னது மற்றொன்றில். பயணி நோயையும் தெருவையும் உறவையும் சொல்கிறார், ஆனால் நினைவை நம்ப வேண்டும். ஓடு பொய் சொல்லாது, ஆனால் ஒரு பெயருக்கு மேல் பேசாது என்பது அவள் எழுதியதன் சாரம். அதனடியில், "ஆதனுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்ற வினாவை எழுதி, விடைக்கென அரைப்பக்கம் வெற்றிடம் விட்டிருந்தாள். மறுநாள் அவர்கள் திருநெல்வேலிப் பக்கம் புறப்பட இருந்தனர். ஆதிச்சநல்லூருக்கான மூன்று வினாக்களைத் தாய் அப்போதே எழுதத் தொடங்கியிருந்தார்.