அந்தி வானும் ஆரணி வீதியும்: ஈரொளியை ஒருபடமாக்கும் கலை

தமிழிலக்கணம் நாளினை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. அவற்றுள் எற்பாட்டை நெய்தலுக்கும் மாலையை முல்லைக்கும் உரிமையாக்கியது. 'எல்' என்பது கதிரவன். 'பாடு' என்பது சாய்தல். கதிரவன் சாய்வதும், சாய்ந்தபின் சூழ்வதும் வெவ்வேறு பொழுதுகள் எனக் கண்ட நுண்ணுணர்வு நம் முன்னோருடையது. இவ்விரு பொழுதுகளும் கைகோக்கும் சிறு நேரத்தை ஒளிப்படமாகப் பதிவு செய்வது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆரணிக்கு மேற்கே சவ்வாது மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அம்மலையில் தோன்றும் நீரைக் கமண்டல நாகநதி கொண்டுவருகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நாள்களில், தூசு அடங்கிய வானில் கதிரவன் அம்மலைப்பக்கம் இறங்கும் காட்சியைக் காணாத ஆரணியார் இரார். ஆயினும் அக்காட்சியைப் படமெடுத்தோர் பலரும் ஏமாற்றமே அடைகின்றனர். வானம் செவ்வனே பதிந்தால் வீதி கரியாகிறது. வீதி தெளிவாகப் பதிந்தால் வானம் வெளிறிப் போகிறது. ஏன்?

கண்ணும் கருவியும்

கண் வானத்தைப் பார்க்கும்போது தன் பாவையைச் சுருக்கியும், நிழலைப் பார்க்கும்போது விரித்தும் கொள்கிறது. அவ்வாறு துண்டு துண்டாகக் கண்டவற்றை மூளை ஒரே காட்சியாக இணைத்துத் தருகிறது. கருவியோ ஒரு நொடியில் ஓர் ஒளியளவை மட்டுமே ஏற்கும். வலிய ஒளி மெலிய ஒளியை மறைத்துவிடும் என்பதையும், ஞாயிற்றை நேரே நோக்கினால் கண் துன்புறும் என்பதையும் சான்றாகக் காட்டிப் பார்வையின் இயல்பை விளக்கியவர், பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் (965 – சுமார் 1040) ஆவார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் அவர் நிறுவினார்.

ஒளிப்படக்காரர் ஒளியளவை 'ஸ்டாப்' என்னும் படிகளால் அளப்பர். ஒரு படி ஏறினால் ஒளி இருமடங்காகும். பத்துப் படி ஏறினால் 1024 மடங்காகும். பழைய வண்ணச் சிலைடு சுருள் ஏறத்தாழ ஐந்து படிகளையே தாங்கியது. இன்றைய சிறந்த டிஜிட்டல் கருவிகள் 12 முதல் 14 படிகள் வரை தாங்குகின்றன. எனினும் கதிரவனே படத்துக்குள் நிற்கும்போது அதுவும் போதாமற் போவதுண்டு. இருளிலிருந்து மீட்கும் பகுதியில் புள்ளிகள் மிகுந்து தெளிவு கெடுவதும் உண்டு.

முன்னோர் கண்ட வழி

இச்சிக்கல் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. அக்காலத்து வேதிப்பூச்சு நீலஒளிக்கு மிகுதியாக இணங்கியதால், வானம் எப்போதும் வெறுமையாகவே பதிந்தது. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பார் 1850களில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானுக்கு ஒரு நெகட்டிவுமாக எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் அவர் படைத்த 'பெரிய அலை' இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்றாகும்.

தமிழகத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், அடுத்த ஈராண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். வெறுமையான வானத்தை ஏற்க மனமின்றி, தம் தாள் நெகட்டிவுகளின்மேல் வண்ணம் தீட்டி முகில்களை வரைந்தார். அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். ஒரு சட்டத்துள் அடங்காத அகலத்தைப் பல படங்களால் அடக்கிய முயற்சி இது.

அகலக்கோண வில்லை

முழுச்சட்டக் கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லை கிடைவாக்கில் ஏறத்தாழ 40 பாகையைக் காணும். 24 மில்லிமீட்டர் வில்லை ஏறத்தாழ 74 பாகையைக் காணும். ஆரணியிலிருந்து நோக்கின், கதிரவன் மறையும் இடம் சூன் மாதத்தில் நேர்மேற்குக்கு வடக்கே 24 பாகையும், திசம்பரில் தெற்கே 24 பாகையும் விலகுகிறது. எனவே ஓராண்டின் மறைவிடங்கள் அனைத்தும் அவ்வில்லையின் ஒரே சட்டத்துள் அடங்கிவிடும்.

ஆனால் அகலத்துக்கு ஒரு விலை உண்டு. கதிரவனின் வட்டம் வானில் அரைப் பாகையே. 24 மில்லிமீட்டர் வில்லையில் அது கால் மில்லிமீட்டர்கூட இராது. 200 மில்லிமீட்டர் வில்லையிலோ ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர் இருக்கும். ஆதலின் அகலக்கோணப் படத்தில் தலைமை கதிரவனுக்கு அன்று, அருகிலிருக்கும் நிலத்துக்கே. ஆற்றுமணலின் சுவடோ, ஓட்டு வீட்டின் திண்ணையோ முன்னே அமையாவிடில் படம் வெறும் வெளியாகிவிடும்.

எடுக்கும் முறை

முக்காலியில் கருவியை அசையாது நிறுத்துக. துளையை எஃப் 11 என்றும், ஐஎஸ்ஓ அளவை 100 என்றும் நிலைப்படுத்துக. 24 மில்லிமீட்டர் வில்லையை 1.8 மீட்டரில் குவித்தால், ஏறத்தாழ 0.9 மீட்டர் முதல் தொலைமலை வரை யாவும் தெளியும். பின்னர் ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுக்க வேண்டும். சான்றாக 1/250, 1/60, 1/15 நொடி. இவை இரண்டிரண்டு படி இடைவெளி கொண்டவை. துளையை மாற்றுதல் கூடாது. மாற்றினால் தெளிவின் ஆழம் மாறிப் படங்கள் பொருந்தா. வண்ணச் சமநிலையையும் தானியங்கி முறையில் விடாது நிலைப்படுத்துக.

நம் நாட்டில் கதிரவனின் வட்டம் அடிவானைத் தொட்டபின் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் மறைந்துவிடும். அந்தியொளியும் இருபது நிமிட அளவே நிற்கும். ஆகவே முன்னேற்பாடு இன்றியமையாதது. காட்சித்துளை வழியே கதிரவனை நோக்காது, கருவியின் திரையிலேயே நோக்குதல் கண்ணுக்கு நலம்.

இணைக்கும் முறை

கணினியில் வானம் தெளிந்த படத்தையும் நிலம் தெளிந்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்படத்தின் வேண்டாத பகுதியை ஒரு மறைப்பால் மெல்லத் தேய்த்து மறைப்பதே இணைப்பு. ஆரணி மாணவர்க்கு இது புதிதன்று. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்யும்போது, எந்த இழையும் தன் நிறம் இழப்பதில்லை; இருப்பினும் துணியில் மூன்றாவதொரு நிறம் ஒளிர்கிறது. நல்ல இணைப்பும் அத்தகையதே. மரமும் கோபுரமும் அடிவானைக் கடந்து நிற்குமிடத்தில் மறைப்பை நேர்க்கோடாக இழுத்தால் அவற்றின் உச்சி மட்டும் கறுத்து நிற்கும், பொய் வெளிப்பட்டுவிடும். அசையும் இலையும் நடக்கும் மாடும் இரட்டையாகத் தோன்றும். அவ்விடத்தில் ஒரே படத்தை மட்டும் கொள்க.

இவ்வேலையைத் தானே செய்யும் கணக்குமுறைகள் 1990களில் உருப்பெற்றன. 2007இல் மெர்டன்ஸ் குழுவினர் ஒளியேற்ற இணைப்பு முறையை வெளியிட்டனர். இன்று கைப்பேசிகள் நாம் கேளாமலே இவ்வாறு இணைக்கின்றன.

மெய்யும் அழகும்

இவ்வாறு இணைப்பது பொய்யாகாதா என்று வினவுவோர் உளர். வினா தக்கதே. டிரைப் வரைந்த முகில் அழகியது. எனினும் அந்நாளின் வானத்துக்கு அது சான்றாகாது. அவர் ஒட்டிய கல்வெட்டுப் படமோ கல்லில் உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது. இரண்டும் ஒருவர் கைவேலையே. ஒன்று ஓவியம், மற்றொன்று ஆவணம். ஒரே இடத்தில் ஒரே பொழுதில் எடுத்தவற்றை இணைப்பது, கண் கண்டதைக் கருவிக்குக் கற்பிப்பதாகும். வேறொரு நாளின் வானத்தைக் கொணர்ந்து பொருத்துவது கற்பனையாகும். கற்பனை குற்றமன்று, அதனைச் சான்றெனக் காட்டுவதே குற்றம். ஆகவே எவ்வாறு இணைத்தோம் என்பதைப் படத்தின்கீழ் ஒரு வரியில் எழுதிவைத்தல் நேர்மையாகும்.

இந்நேர்மை ஏன் வேண்டும்? தறியோசை கேட்ட ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. ஐம்பது ஆண்டு கழிந்தபின் ஒரு நெசவாளர் வீதியின் தோற்றத்துக்கு மாணவர் ஒருவரின் படமே சான்றாக நிற்கலாம். வானுக்கு மட்டும் ஒளி கணக்கிட்டால், செந்நிறம் மிஞ்சும். திண்ணையில் அமர்ந்தவர் முகம் கரிநிழலாகி மறையும். அந்த முகத்துக்கும் ஒளி கணக்கிடுவதற்காகவே இரண்டாம் படம்.

மாணவச் செல்வங்களே! தைத்திங்களில் ஒரு மாலை, பங்குனியில் ஒரு மாலை, ஆனியில் ஒரு மாலை என ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றுங்கள். கதிரவன் இடம்பெயர்வதைக் காண்பீர்கள். உங்கள் வீதி மாறுவதையும் காண்பீர்கள். நாளும் ஊரும் குறித்து அப்படங்களைத் துறை நூலகத்தில் சேர்த்து வையுங்கள். பின்வருவோர்க்கு நீங்கள் விட்டுச்செல்லும் நல்ல பாடம் அதுவாகும்.