ஸ்பானிய மொழியினர் கற்கும் ஆங்கிலம் – ஓர் உறழ்நிலை நோக்கு

முன்னுரை

இரண்டாம் மொழியொன்றைக் கற்கப் புகுபவர் வெற்றிடத்திலிருந்து தொடங்குவதில்லை. தாய்மொழியின் இலக்கணம் அவருள்ளத்தில் முன்னரே குடிகொண்டுள்ளது. புதிய மொழியின் ஒவ்வொரு தொடரையும் அவர் அந்த இலக்கணத்தின் வழியாகவே முதலில் நோக்குகின்றார். இவ்வுண்மையை விளக்குதற்கு, ஸ்பானிய மொழி பேசுவோர் ஆங்கிலம் கற்கும் நிலையினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இல்லங்களில் ஸ்பானிய மொழி பேசுகின்றனர். இவர்தம் இடர்ப்பாடுகள் மொழியியல் ஆய்வுக்கே ஒரு துறையை ஈந்தன எனலாம்.

இத்துறையில் முதற்கண் எண்ணத்தக்கவர் ராபர்ட் லாடோ (1915–1995). புளோரிடா மாநிலத்தில் ஸ்பானியப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், ஸ்பெயினில் வளர்ந்து, தமது 21ஆம் அகவையில் அமெரிக்கா திரும்பிய பின்னரே ஆங்கிலம் கற்றார். இரு மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் கற்போர் இடறும் இடங்களை முன்கூட்டியே உணரலாம் என்னும் கொள்கையை 1957ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார். அந்நெறி நின்று, ஆங்கில இலக்கணத்தின் அடிப்படைக் கூறுகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

1. எழுவாய்

ஸ்பானிய வினைமுற்று விகுதி வளம் மிக்கது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'ஆப்லா' என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். இடத்தை விகுதியே உணர்த்துவதால் எழுவாயைக் கூற வேண்டுவதில்லை. 'நேற்று வந்தேன்' என்னும் தொடரில் 'நான்' என்பது தோன்றா எழுவாயாக நிற்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

ஆங்கில வினையோ காலப்போக்கில் தன் விகுதிகளுள் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ஆதலின் வினை சுமந்த பொறுப்பை எழுவாய் ஏற்றது. பொருளளவில் எழுவாய் இல்லாதவிடத்தும் 'இட்' என்னும் வெற்றுச் சொல்லையேனும் அங்கு நிறுத்தியாக வேண்டும். மழை பெய்தலை ஸ்பானிய மொழி ஒரே வினைச்சொல்லாற் கூறிவிடும். எனவேதான் அம்மொழியினர் 'இட் இஸ் ரெய்னிங்' என்பதற்கு 'இஸ் ரெய்னிங்' என்கின்றனர். இது கவனக்குறைவன்று, தாய்மொழி விதியின் நேர்மையான பயன்.

2. எதிர்மறையும் வினாவும்

வினைக்கு முன் 'நோ' என்னும் சொல்லைச் சேர்த்தால் ஸ்பானிய எதிர்மறை பிறந்துவிடும். 'நோ ஆப்லோ' – பேசுவதில்லை. இதனை அடியொற்றி 'ஐ நோ ஸ்பீக்' என்னும் தொடர் எழுகின்றது. ஆங்கிலமோ 'டூ' என்னும் துணைவினையை இடையே வேண்டுகின்றது: 'ஐ டூ நாட் ஸ்பீக்'. தனக்கெனப் பொருளின்றி இலக்கணப் பணிக்காகவே வரும் இத்துணைவினைக்கு நேரான சொல் ஸ்பானிய மொழியில் இல்லை. மேலும், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதற்கு ஸ்பானிய மொழியில் இரண்டு எதிர்மறைச் சொற்கள் வருதல் கட்டாயம். பொது ஆங்கிலத்திலோ அது வழு.

வினாவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஸ்பானிய மொழியில் சொல்வரிசையை மாற்றாமல், குரலின் ஏற்றத்தாலேயே ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவை எழுப்பலாம். எழுத்தில் குரல் கேளாது. ஆதலின் தொடரின் தொடக்கத்திலும் தலைகீழ் வினாக்குறி இடும் வழக்கத்தை ஸ்பானியக் கழகம் 1754ஆம் ஆண்டு வகுத்தது. ஆங்கிலத்திலோ 'டூ யூ' என முதற்சொல்லே வினாவை உணர்த்திவிடுகின்றது. ஒன்று குறியால் செய்வதை மற்றொன்று சொல்லாற் செய்கின்றது.

3. உடைமையும் உணர்வும்

'எனக்கு 20 வயது' என்பதை ஸ்பானிய மொழியினர் 'நான் 20 ஆண்டுகளை உடையேன்' என்னும் அமைப்பிற் கூறுவர். பசியையும் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசியை உடையேன்' என்பர். ஆங்கிலமோ இரண்டினையும் 'ஐ ஆம்' என்று இருத்தல் வினையாற் கூறும். தமிழ் நான்காம் வேற்றுமையை நாடி 'எனக்குப் பசிக்கிறது' என்னும். பசி ஒன்றே, அதனை மனிதன் உடையவனாகவும், அதுவாகவே ஆகியவனாகவும், அது வந்தடையும் இடமாகவும் மூன்று மொழிகள் மூவகையாக நோக்குகின்றன.

விருப்பத்தைக் கூறுமிடத்து ஸ்பானிய மொழி தமிழோடு ஒத்துச் செல்வது வியப்பிற்குரியது. 'மே குஸ்தா எல் காஃபே' என்பதன் அமைப்பு, ஏறத்தாழ நம் 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதே. ஆங்கிலமோ 'ஐ லைக்' என விரும்புவோரையே எழுவாயாக்கும்.

4. இருத்தல் வினை

ஆங்கிலத்தின் 'பீ' என்னும் ஒரு வினைக்கு ஸ்பானிய மொழியில் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உள. 'எஸ் அபுர்ரிதோ' என்றால் சலிப்பூட்டுபவன். 'எஸ்தா அபுர்ரிதோ' என்றால் சலிப்புற்றிருப்பவன். வினைமாற்றத்தாற் பெறும் இப்பொருள் வேறுபாட்டை ஆங்கிலம் 'போரிங்', 'போர்ட்' எனப் பெயரடையின் ஈற்றில் காட்டுகின்றது. ஆதலின், தாம் சலிப்புற்றதைக் கூற விழைந்து, தாமே பிறர்க்குச் சலிப்பூட்டுவதாகக் கூறிவிடுவோர் பலர்.

5. பெயரடையும் உடைமைச் சொல்லும்

ஸ்பானியப் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின் வரும். பாலும் எண்ணும் பெயரோடு இயையும். வெள்ளை வீடு 'காசா பிளாங்கா'. பன்மையில் 'காசாஸ் பிளாங்காஸ்'. ஆங்கிலப் பெயரடையோ தமிழைப் போன்று முன்னே நின்று, எண்ணாலும் பாலாலும் திரியாது.

உடைமைச் சொல்லில் நிலைமை வேறு. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்னும் பொருள்கள் அனைத்திற்கும் 'சு' என்னும் ஒரு சொல்லே போதும். எனவே 'மரியாவும் அவளுடைய தம்பியும்' என்னுமிடத்து 'ஹிஸ்', 'ஹெர்' என்பன மயங்குகின்றன.

6. ஈற்றுச் சகரம்

விகுதிகள் பலவற்றைப் பிழையின்றிக் கையாளும் ஸ்பானிய மொழியினர், ஆங்கில நிகழ்கால வினையில் படர்க்கை ஒருமைக்கு வரும் 'ஸ்' என்னும் ஒற்றை விகுதியை விட்டுவிட்டு 'ஹீ ஸ்பீக்' என்பது ஏன்? இங்குத் தாய்மொழித் தாக்கம் என்னும் விடை போதாது. டூலே, பர்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஸ்பானியக் குழந்தைகளும் சீனக் குழந்தைகளும் ஆங்கில உருபுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் கைக்கொள்வதைக் காட்டினர். இவ்விகுதி இரு சாரார்க்கும் காலந்தாழ்ந்தே வருகின்றது. எழுவாய் முன்னரே நிற்றலின் அது தரும் செய்தி சிறிது. விட்டாலும் பொருள் கெடுவதில்லை. பிழையனைத்தையும் தாய்மொழியின் மேல் ஏற்றுதல் கூடாதென்பதற்கு இது சான்று. கற்போர் தமக்கென ஓர் இடைநிலை இலக்கணத்தை அமைத்துக்கொண்டு முன்னேறுகின்றனர் என்னும் கருத்து 1967ஆம் ஆண்டு கோர்டரும் 1972ஆம் ஆண்டு செலிங்கரும் எழுதிய கட்டுரைகளால் வலுப்பெற்றது.

பிழையும் மதிப்பீடும்

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் நுட்பங்கள் அல்ல. கலிபோர்னியாவில் மெக்சிக்க மரபினரான ஸ்பானியக் குழந்தைகள் சிலர், ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுத் தேர்வில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணைக் கொண்டு, அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கான வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. தாய்மொழி அறிந்தவரைக் கொண்டு மீண்டும் தேர்வு நடத்தியபோது, அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவரல்லர் என்பது புலனாயிற்று. 'டயானா வழக்கு' எனப்படும் இது, 1970ஆம் ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. குழந்தைகளை அவர்தம் தாய்மொழியிலும் தேர்தல் வேண்டும் என்பது அதன் சாரம். மொழி அறியாமையை அறிவின்மை எனக் கொண்டதால் ஒரு குழந்தையின் வாழ்வே திசைமாறக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

எழுவாயை விடுவதும், 'நோ' என்னும் சொல்லை வினையின் முன் வைப்பதும், பெயரடையைப் பன்மையாக்குவதும் ஒழுங்கற்ற பிழைகள் அல்ல. மற்றோர் ஒழுங்கின் வெளிப்பாடுகள். 'இஸ் ரெய்னிங்' என்று எழுதும் மாணவரிடம் 'எழுவாய் எங்கே?' என்று கடிந்து கேட்பதிற் பயனில்லை. 'உம் மொழியில் வினையே எழுவாயைக் காட்டும். ஆங்கில வினைக்கு அவ்வாற்றல் இல்லை' என்று விளக்கினால், அவர் ஒரே வேளையில் இரு மொழிகளின் இலக்கணத்தையும் கற்றவராகின்றார். சிவப்பு மையால் திருத்தப்படும் ஒவ்வொரு வழுவின் பின்னும் ஒரு விதி உறைகின்றது. அவ்விதியைத் தேடிக் கண்டபின் திருத்துவதே மொழியாசிரியர்க்கு அழகாகும்.