லேசருக்கு முன் நம் தோலைத் தெரிந்துகொள்வோம்

பிரிக்பீல்ட்ஸில் நூல் வைத்துப் புருவம் எடுப்பது நமக்குப் பழகிய விஷயம். இப்போது பேச்செல்லாம் லேசர்தான். "கிளினிக்குக்குப் போகணுமா, மெஷின் வாங்கி வீட்டிலேயே செய்துக்கலாமா?" என்று தங்கைகள் கேட்கிறார்கள். சவரம் செய்தால் கழுத்தெல்லாம் பரு வரும் தம்பிகளும் கேட்கிறார்கள். நான் பொறியியல் மாணவன், மருத்துவன் இல்லை. ஆனால் இதன் அடிப்படை ஒளியும் வெப்பமும்தான். அதைப் பார்ப்போம்.

ஒளி என்ன செய்கிறது?

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். அது ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு முடியின் வேரைப் பாதிக்கும். குறிப்பிட்ட நிறப்பொருளை மட்டும் குறிவைத்துச் சூடாக்கலாம் என்ற கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்டார்கள்.

சிக்கல் இதுதான்: அதே மெலனின் நம் தோலிலும் இருக்கு. தோல் கறுக்கக் கறுக்க, வேருக்குப் போக வேண்டிய ஒளியை மேல்தோலே பிடித்துக்கொள்ளும். கொப்புளம், தீக்காயம், மாதக்கணக்கில் மறையாத கரும்புள்ளி எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

அலைநீளம் கூடினால் மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளியும் ஆழமாக இறங்கும். அதனால் 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது.

வீட்டு மெஷின்

கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை லேசரே இல்லை, ஐபிஎல். கிரிக்கெட் இல்லீங்க, பல அலைநீளங்கள் கலந்த பளிச் வெளிச்சம்! சக்தி குறைவு, பயன்படுத்துவதை நிறுத்தினால் முடி மெல்லத் திரும்பும். பெட்டியில் தோல் நிற அட்டவணை இருக்கும். மிகக் கருமையான தோலுக்குப் பெரும்பாலான மெஷின்கள் ஆகாது. உங்கள் நிறம் அதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். மச்சம், பச்சை குத்திய இடம், கண்ணைச் சுற்றிய பகுதி, இவற்றில் வைக்கவே கூடாது.

கிளினிக்

"ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு மாட்டியிருந்தால் மட்டும் போதாது. மலேசியாவில் லேசர் சிகிச்சை மருத்துவரின் வேலை. அழகுக்கலைஞரின் வேலை அல்ல. அழகியல் சிகிச்சை தரும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்சிபி சான்று வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. எந்த லேசர், எத்தனை நானோமீட்டர், முதலில் சின்ன இடத்தில் சோதிப்பார்களா என்றும் கேளுங்கள்.

ஒரே தடவையில் முடியாது. வளரும் பருவத்தில் உள்ள முடிதான் பாதிக்கப்படும் என்பதால், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு 6 தடவைக்கு மேலும் ஆகலாம். அதன் பிறகும் முடி நிரந்தரமாகக் குறையும் என்றுதான் சொல்லலாம்; ஒன்றுகூட வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை வெயிலில் நடந்து கறுத்த கையோடு அடுத்த வாரமே போகவும் வேண்டாம்.

முக்கியமாக

தாடையில் திடீரென்று தடித்த முடி வளர்கிறதா, மாதவிடாயும் தவறுகிறதா? அது பிசிஓஎஸ் ஆக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை, லேசர் அப்புறம். சில பெண்களுக்கு முகத்தில் லேசர் செய்த பிறகு முடி கூடுவதும் உண்டு.

முடி இருப்பது அசிங்கம் இல்லை. எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. யாரோ கேலி செய்தார்கள் என்பதற்காகத் தோலைப் பணயம் வைக்காதீர்கள்.

வகுப்பில் பேசுங்கள்

1. ஒரே மெஷின் இரண்டு தோழிகளுக்கு வேறு வேறு பலன் தருவது ஏன்?
2. விலை குறைந்த பேக்கேஜ் ஒன்றைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?