முதலாளி படிக்கலாமா?

கேள்வி: கம்பெனி மெயிலில் ஊழியர்கள் எழுதுவதை முதலாளி படிக்கலாமா?
– ஜவுளிக்கடைக் கணக்கர், தியாகராய நகர்

பதில்: தொழில்நுட்பத்தில் தடையே இல்லை. எல்லா மெயிலுக்கும் நகல் போகும்படி சர்வரை அமைத்துவிடலாம். ஊழியர் அழித்தாலும் பேக்கப்பில் இருக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலை சார்ந்த தேவைக்கும் வணிக ரகசியத்தைக் காக்கவும் ஒப்புதலின்றியே ஊழியரின் தரவைக் கையாள இடம் தருகிறது. இது அநியாயத்துக்கு அகலமான வாசல்.

ருமேனியாவில் அலுவலக அரட்டைக் கணக்கில் குடும்பத்தாருடன் பேசிய பொறியாளர் 2007-இல் வேலை இழந்தார். கண்காணிப்பு பற்றி அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று கண்டித்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் அவர் பக்கம் நின்றது.

இங்கும் ஊழியர்கள் எழுத்துப்பூர்வ விதியைக் கேட்க வேண்டும். மருத்துவ அறிக்கையும் வேறு வேலைக்கான விண்ணப்பமும் சொந்த போனில், சொந்தக் கணக்கிலிருந்தே போகட்டும்.